சின்ன டிராக்டர் வாங்க வருகிறவர்கள்

டிராக்டர் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது எச்பி. அடுத்தது மைலேஜ். மூன்றாவதாக, பக்கத்து ஊரில் யார் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்பார். ஓசூரில் ஒரு விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பகுதியில் வேலை பார்த்த காலத்திலும், பிறகு பாகலூர் சாலையில் சொந்தமாகப் பட்டறை போட்டபோதும், இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. மூன்றில் கடைசிக் கேள்விதான் உருப்படியானது என்பது என் கட்சி. பக்கத்து ஊர்க்காரருக்கும் இதே மண், இதே கல், இதே வரப்பு. அவரிடம் வண்டி என்ன பாடுபடுகிறது என்பது எந்த விவரத்தாளிலும் இருக்காது.

வண்டியின் எடை எவ்வளவு என்று கேட்டு வந்தவர் அநேகமாக யாருமில்லை. சின்ன டிராக்டரைப் பொறுத்தவரை மற்ற எண்களையெல்லாம் ஆட்டிவைப்பது அந்த ஒரு எண்தான். அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனாலும் சொல்லாமல் விட்டதில்லை.

சின்ன டிராக்டர் என்று நாங்கள் சொல்வது ஏறத்தாழ 15 எச்பியிலிருந்து 28 எச்பி வரைக்கும் உள்ளவற்றை. டிப்பர் இழுத்துக்கொண்டு சாலையில் போகும் 35, 45 எச்பி வண்டிகள் ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை இருக்கும். சின்னது 650 கிலோவிலிருந்து 900 கிலோ வரை, நான்கு சக்கரமும் இழுப்பதாக இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதல். அகலம் ஒரு மீட்டரை ஒட்டி நிற்கும். பின் டயர் பெரும்பாலும் 8.00-18, அதாவது ஆள் நெஞ்சுயரம்கூட வராது. முதல்முறை பார்க்கிறவர்கள் அதன் மேல் கை வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்கள் உண்டு. அரை நாள் வயலில் ஓட்டிக்காட்டினால் அந்த நினைப்பு போய்விடும்; சிலசமயம் அளவுக்கு மீறிய நம்பிக்கையாகவும் மாறிவிடும்.

ஓசூர்க்காரர்களுக்கு இந்த வகை வண்டி கொஞ்சம் முன்னதாகவே பழக்கம். பெங்களூரில் 1967-இல் தொடங்கப்பட்ட விஎஸ்டி டில்லர்ஸ் டிராக்டர்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் பவர் டில்லர் செய்து விற்றது. பிறகு அதே வழியில் சின்ன டிராக்டருக்கும் வந்து, ஓசூரிலும் டிராக்டர் ஆலை வைத்தது. கேரளத்தில் 1973-இல் அரசு நிறுவனமாகத் தொடங்கிய காம்கோவின் டில்லர்களும் இந்தப் பக்கம் ஓடின. ஓசூரில் 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தபின், அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. கியர் வெட்டுவது, ஷாஃப்ட் கடைவது, சூட்டுப் பதம் போடுவது என்று எல்லா வேலைக்கும் ஓசூரில் ஆள் உண்டு. நானும் அப்படி ஒரு கியர் பட்டறையில் கையை அழுக்காக்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். டிராக்டரின் பல்சக்கரம் உடைந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்போதே, அது சுமையால் உடைந்ததா, பதம் சரியில்லாமல் உடைந்ததா என்று தெரிந்துவிடுவது அந்தப் படிப்பின் பலன்.

பவர் டில்லரிலிருந்து டிராக்டருக்கு ஆட்கள் மாறியது ஏன் என்பதற்கு நடைக் கணக்கே போதும். டில்லரின் சுழலும் பகுதி அறுபது சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் வருகிறது. ஒரு முறை உழுவதற்கே அதன் பின்னால் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அதுவும் கைப்பிடி அதிர்வைத் தாங்கிக்கொண்டு, கட்டியில் கால் இடறிக்கொண்டு. இரண்டாம் உழவுக்கு இன்னொரு ஏழு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் டில்லரை மகனிடம் கொடுத்தார்கள். மகன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்டுக்குப் போனான். அப்புறம் உட்கார்ந்து ஓட்டும் வண்டியைத் தவிர வேறு வழியில்லை. இந்த ஊரில் தொழிற்சாலை விவசாயத்தைத் தின்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில், சின்ன டிராக்டரை வயலுக்குக் கொண்டுவந்ததில் பாதிப் பங்கு அந்த ஷிஃப்டுக்குத்தான்.

நிலத்தின் அளவும் ஒரு காரணம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.75 எக்டர், இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதுவும் ஒரே துண்டாக இருக்காது. சூளகிரி, பேரிகை, கெலமங்கலம் பக்கம் அந்த இரண்டு ஏக்கரில் ஒரு பக்கம் தக்காளி, ஒரு பக்கம் முட்டைக்கோஸ், மேட்டில் ராகி, ஓரத்தில் கொத்தமல்லிக் கட்டுக்கு நாலு பாத்தி என்று இருக்கும். பெங்களூர்ச் சந்தை பக்கத்திலிருப்பதால் எல்லாம் குறுகிய காலப் பயிர். ஒரு பயிர் எடுத்த மறுவாரம் அந்தத் துண்டை மட்டும் உழுது அடுத்ததைப் போட வேண்டும். பெரிய டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டால் அரை ஏக்கருக்கு வரமாட்டார்கள். வந்தால் திரும்பும்போது பக்கத்துப் பாத்தியை மிதித்துவிட்டுப் போவார்கள்.

இனி எச்பி. மகிந்திரா யுவராஜ் 215 என்று ஒரு வண்டி: ஒற்றை சிலிண்டர், சுமார் 863 சிசி, நிமிடத்துக்கு 2,300 சுற்றில் 15 எச்பி. விஎஸ்டி சக்தி எம்டி 180டி என்று இன்னொன்று: மூன்று சிலிண்டர், சுமார் 900 சிசி, 2,700 சுற்றில் பதினெட்டரை எச்பி. கடையில் நிற்கிறவருக்கு இரண்டாவது வண்டி மூன்றரை எச்பி பெரியதாகத் தெரியும். ஆனால் எச்பி என்பது திருகுவிசையையும் சுற்றையும் பெருக்கி வருவது. எண்களைப் போட்டுத் திருப்பிக் கணக்கிட்டால், அந்தந்தச் சுற்றில் முதல் வண்டி தருவது சுமார் 46 நியூட்டன் மீட்டர் முறுக்கு, இரண்டாவது தருவது சுமார் 48. வித்தியாசம் சொற்பம். சிசி கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது வேறெப்படி இருக்கும்? அதிகப்படியான எச்பி வேகமாகச் சுழல்வதால் வருகிறது. அது பயனற்றது என்று சொல்லவில்லை. ரோட்டவேட்டர் ஓட்டும்போது அந்த வேகம் உதவும். மூன்று சிலிண்டரில் அதிர்வும் குறைவு. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிற இடுப்புக்குத் தெரியும். ஒற்றை சிலிண்டருக்கு வேறு ஒரு நல்ல குணம்: பிரித்து மாட்டுவது எளிது, செலவும் குறைவு, எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் பயப்பட மாட்டார். எது வேண்டும் என்பதை எச்பியை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

பேரிகைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் புது வண்டியோடு வந்து சண்டை போட்டார். "ஏன் தம்பி, பதினெட்டு எச்பின்னு சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு மாடு இழுக்கிற கலப்பையைக்கூட இது இழுக்க மாட்டேங்குதே. நின்ன இடத்துலேயே சக்கரம் சுத்துது." மண்ணைப் புரட்டும் இறக்கைக் கலப்பை ஒன்றை மாட்டியிருந்தார். கணக்கை அவருக்குத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். முப்பது சென்டிமீட்டர் அகலம், இருபது ஆழம். நம் செம்மண்ணில் அதை இழுக்க சுமார் 300 கிலோ இழுவிசை வேண்டும். மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழுவைக்குத் தேவைப்படுவது வெறும் நாலரை எச்பி. எஞ்சினிடம் அதைப்போல நாலு மடங்கு இருக்கிறது. இல்லாதது பிடிப்பு. பின்சக்கரத்தின் மேல் விழுகிற எடையில் சரிபாதியைத்தான், மண் நன்றாக இருந்தால், இழுவையாக மாற்ற முடியும். பொலபொலத்த மண்ணில் அதுவும் கிடைக்காது. 650 கிலோ வண்டியில் பின்சக்கரத்தின் மேல் நிற்பது நானூறு கிலோ சொச்சம். ஓட்டுகிறவர் எடையைச் சேர்த்தாலும் 300 கிலோ இழுவை எப்படி வரும்? "அப்போ நான் என்னதான் பண்றது?" என்றார். ஐந்து கொத்துக் கலப்பையை மேலாக விட்டு ஓட்டுங்கள், ஐயா, ஆழத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் ரோட்டவேட்டர் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

ரோட்டவேட்டருக்கும் சின்ன டிராக்டருக்கும் உள்ள பொருத்தம் இதில்தான் இருக்கிறது. அது இழுபடும் கருவி இல்லை. பிடிஓ ஷாஃப்ட் வழியாக எஞ்சினின் சக்தியை நேரே கத்திக்குக் கொடுக்கிறோம். கத்தி மண்ணைக் கொத்திப் பின்னால் தள்ளும்போது வண்டியை முன்னால் உந்தவும் செய்கிறது. சக்கரத்துக்குப் பிடிப்பு அதிகம் தேவையில்லை. எடை குறைவென்பது அங்கே குறையாகாது, நிறைவுதான்: மழைக்குப் பின் ஈரம் சரியாகக் காயாத வயலில் இரண்டு டன் வண்டி இறங்கினால் சக்கரத்தடம் பாறையாக இறுகும், அந்தத் தடத்தில் அடுத்த பயிரின் வேர் இறங்காது. சின்னது அந்த அளவுக்கு அழுத்தாது. தக்காளிக்காரர்கள் இதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவிட்டு, டயர் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கலப்பையை இறக்கி உழுதுகொண்டே அதே பத்துச் சுற்று எவ்வளவு தூரம் வருகிறது என்று பாருங்கள். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து குறைந்தால் சரி. இருபத்தைந்து முப்பது குறைந்தால் டீசலும் டயரும் மண்ணுக்குப் போகின்றன. அப்போது ஒன்று ஆழத்தைக் குறைக்க வேண்டும், அல்லது எடையைக் கூட்ட வேண்டும். டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது பழைய முறை. வால்வை மேலே நிறுத்தி நிரப்பினால் போதும், காசு செலவில்லை. ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டுகிறவர் தண்ணீரை இறக்கிவிடுவது நல்லது.

எடை குறைந்த வண்டியின் இந்தச் சிக்கலுக்கு முதலில் விடை கண்டவர் ஹாரி பெர்குசன். அயர்லாந்துக்காரர். கலப்பையைச் சங்கிலி போட்டு இழுக்காமல் மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்து, ஹைட்ராலிக் கையால் தூக்கும் ஏற்பாடு அவருடையது. மண் இறுகி இழுவை கூடினால் ஹைட்ராலிக் தானாகக் கலப்பையை ஒரு விரற்கடை தூக்கும். தூக்கும்போது கலப்பையின் பாரமும் மண்ணின் பிடியும் பின்சக்கரத்தின் மேல் எடையாக வந்து விழும். எடையைச் சுமக்காமலே, தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டும் எடையை வாங்கிக்கொள்வது. 1946-இல் அவர் வெளியிட்ட டிஇ20 டிராக்டர் ஏறத்தாழ 1,100 கிலோதான். அதன் எச்பி இன்றைக்கு நாம் சின்ன டிராக்டர் என்று ஒதுக்கும் வண்டிகளின் அளவே. சென்னை செம்பியத்தில் 1960-இல் பிறந்த டாஃபே தயாரித்த மாசி பெர்குசன் வண்டிகளின் பெயரில் இருக்கும் பெர்குசன் இவர்தான். அவர் கண்டுபிடித்த அந்தத் தானியங்கி ஏற்பாட்டின் டிராஃப்ட் லீவர், சின்ன வண்டிகள் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவர் மட்டும் இருக்கும். கொத்துக் கலப்பை அதிகம் ஓட்டப் போகிறவர் டிராஃப்ட் லீவர் இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்து வாங்க வேண்டும். விவரத்தாளில் ஒரே ஒரு வரியாக, ஏடிடிசி என்று நான்கு எழுத்தில் கிடக்கும். அதன் அர்த்தத்தை விற்பனை இளைஞர்களில் பாதிப்பேர் சொல்ல மாட்டார்கள்.

தூக்கும் திறன் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள்: 500 கிலோ, 750 கிலோ. அது எங்கே அளந்தது என்று கேளுங்கள். கீழ்க்கைகளின் நுனியில் அளந்தால் ஒரு எண், அங்கிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தால் அதைவிடக் குறைந்த எண். நாம் மாட்டும் கருவியின் பாரம் நுனியில் உட்காராது, பின்னால்தான் தொங்கும். ஆகவே இரண்டாவதுதான் நமக்கு உதவும் எண். அதுவும் போதாது. 750 கிலோ தூக்கும் ஹைட்ராலிக்கை வைத்துக்கொண்டு 700 கிலோ வண்டி என்ன செய்யும்? முன்சக்கரம் மேலே எழும்பும். ஸ்டீயரிங் லேசாகிறது என்று ஓட்டுகிறவர் சந்தோஷப்படுவார், வரப்பேறும்போது தெரியும். முன்னால் மாட்டும் இரும்புப் பாளங்களை விருப்பப் பொருள் என்று விலைப்பட்டியலில் போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் ரோட்டவேட்டர் வாங்குகிறவருக்கு அது விருப்பப் பொருளல்ல.

நம்பகமான எண் வேண்டுமென்றால் சோதனை அறிக்கையைப் பார்க்கலாம். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. ஐ.எஸ். 5994 என்ற விதிமுறைப்படி வண்டியை ஓட்டி, பிடிஓவில் வரும் சக்தி, இழுவிசை, தூக்கும் திறன், டீசல் செலவு, சத்தம், அதிர்வு எல்லாவற்றையும் அளந்து எழுதுகிறார்கள். எஞ்சின் எச்பிக்கும் பிடிஓ எச்பிக்கும் இடையே பத்திலிருந்து பதினைந்து சதம் கியர்பெட்டியிலேயே கரைந்துபோவது அந்த அறிக்கையில்தான் கண்ணுக்குத் தெரியும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் முதல் எண்.

அகலத்துக்கு வருவோம். ரோட்டவேட்டரின் அகலம் இரண்டு பின்சக்கரங்களின் வெளி விளிம்புக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஒரு பக்கச் சக்கரத்தடம் உழுத மண்ணின் மேலேயே பதிந்து நிற்கும். விலை குறைவென்று சின்ன ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு போனவர்கள் பிறகு கம்பி வைத்துத் தடத்தைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாறாகப் பேராசைப்பட்டு நாலரையடி ரோட்டவேட்டரை 18 எச்பிக்கு மாட்டினால் எஞ்சின் புகையால் பதில் சொல்லும். ஒரு மீட்டரிலிருந்து மிஞ்சிப்போனால் நாலடி. இங்கே இன்னொரு தலைவலி கல். கிருஷ்ணகிரி கிரானைட் மாவட்டம். வயலுக்குள்ளும் அது தலைகாட்டும். ஜப்பானிய வயல்களின் சேற்றுக்கென்று பிறந்த மெல்லிய கத்தி இங்கே ஒரு பருவத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். கல் மாட்டினால் பிடிஓ ஷாஃப்டில் உள்ள போல்ட் முறிந்து மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அதை மென்மையான இரும்பில் செய்திருக்கிறார்கள். அடிக்கடி முறிகிறதே என்று அதன் இடத்தில் கெட்டியான போல்ட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அடுத்த தடவை முறிவது கியர்பெட்டிக்குள்ளே.

மாந்தோப்பு வேறு கணக்கு. காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கத்துப் பழைய தோப்புகளில் மரத்துக்கு மரம் முப்பதடி இருக்கும். கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா மாமரம் அங்கே குடையாய்க் கவிந்திருக்கும். இடைவெளி பிரச்சினை இல்லை, கிளைதான் பிரச்சினை. நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய் காயைத் தட்டும், கிளையைச் சுடும். தோப்புக்கென்று கீழ்ப்பக்கம் குழாய் வைத்த வண்டிகள் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். புதிதாக அடர் நடவு செய்தவர்களுக்கு வரிசை இடைவெளி பத்தடிதான் என்றால், சின்ன டிராக்டரைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாது. பசுமைக்குடிலில் ரோஜா, குடைமிளகாய் போடுகிறவர்களும் வாங்குகிறார்கள். அங்கே கதவு அகலத்தை முதலில் டேப் வைத்து அளந்துவிட்டு வாருங்கள் என்பேன். உள்ளே ஓட்டும்போது இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிவிடச் சொல்வேன். டீசல் புகை பாலித்தீன் கூரைக்குக் கீழே போக வழியில்லாமல் நிற்கும்.

தோப்புக்குள் புல் வெட்டும் கருவி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் எஞ்சினோடு தொடர்பு அறும். ஆனால் சுழல்கிற கனத்த கத்தி உடனே நிற்காது. அது தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே பிடிஓ வழியாகக் கியர்பெட்டியைச் சுழற்றி வண்டியை முன்னால் தள்ளும். மரத்தடியில் நிற்க வேண்டிய வண்டி மரத்தில் போய் மோதும். ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒரு கப்ளிங் பிடிஓ நுனியில் போட்டால் இது நிற்கும். விலையும் பெரிதில்லை. இரட்டை கிளட்ச் உள்ள வண்டியானால் இன்னும் நல்லது.

பிடிஓவைப் பற்றிச் சொல்லும்போது அதன் மேலுள்ள பிளாஸ்டிக் உறையையும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. வேட்டி நுனியோ முந்தானையோ துண்டோ சிக்கினால் கையை எடுக்க நேரம் கிடையாது. முதல் முறை கிரீஸ் அடிக்கும்போதே அந்த உறையைக் கழற்றி மூலையில் எறிந்துவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. மறுபடி மாட்டச் சோம்பல், அவ்வளவுதான். என் பட்டறையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் போட்ட முதல் சட்டம் அது: உறை இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக்கூடாது.

நான்கு சக்கர இழுவை வண்டிகள் வந்தபின் எடைச் சிக்கல் பாதி தீர்ந்தது. முன்சக்கரத்தின் மேல் நிற்கும் எடையும் இழுவைக்கு வந்துவிடுகிறது. மகிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார், விஎஸ்டியின் 22, 27 எச்பி வண்டிகள் எல்லாம் இந்த வகையில் கிடைக்கும். ஆனால் இதற்கு ஒரு நெறி உண்டு. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று முந்தி ஓடும்படி கியர் வைத்திருப்பார்கள், நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை. வயலில் அந்த வித்தியாசம் மண்ணில் வழுக்கிச் சரியாகிவிடும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே போகும். டயர் தேயும், முன் ஆக்சிலின் பெவல் கியர் அழும். வயலை விட்டு ஏறியதும் லீவரைத் தள்ளிவிட வேண்டும். அதேபோல முன் டயர் மட்டும் தேய்ந்ததென்று வேறு அளவு டயரைப் போட்டால் அந்த விகிதமே கெட்டுவிடும். டயர்க் கடைக்காரருக்கு இது தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது, கியர் உடைந்து என்னிடம் வரும்போதுதான் மூவரும் பேசிக்கொள்வோம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலை குளிர் சமவெளிக்காரர்களுக்குப் புதிது. ஜப்பானிய வடிவமைப்புச் சின்ன டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டருக்கு ஒரு குளோ பிளக் இருக்கும். சாவியைத் திருப்பி, அது சூடேறும்வரை பொறுத்துப் பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். பொறுமையில்லாமல் செல்ஃபை அழுத்திக்கொண்டேயிருந்து பேட்டரியைத் தீர்த்துவிட்டு, மூன்று பேரைக் கூட்டித் தள்ளுவார்கள். பிளக் ஒன்று செத்திருந்தால் மூன்று சிலிண்டர் வண்டி வெள்ளைப் புகையோடு தடுமாறித்தான் பிடிக்கும். டிசம்பரில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதற்குத்தான்.

அதே பருவத்தில் ராகி அறுப்பு. கதிரைக் களத்திலும், களம் இல்லாதவர்கள் சாலையிலும் பரப்பி, மேலே வண்டியை ஓட்டி அடிப்பார்கள். அந்தத் தூசி பஞ்சுபோல ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையில் போய் அடைத்துக்கொள்ளும். சின்ன டிராக்டரில் ரேடியேட்டரும் சின்னது, சூடேறுவதும் சீக்கிரம். முன்னால் ஒரு கொசுவலைச் சட்டம் போட்டு மணிக்கொரு தரம் தட்டிவிடுங்கள் என்றால் கேட்பார்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கச் சொன்னால் மட்டும் மறந்துவிடுவார்கள்.

எல்லையில் தொழில் செய்வதில் ஒரு கூத்து உண்டு. ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வீடு, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் நிலம் என்று இருக்கிறவர்கள் பலர். மாலூர், ஆனேக்கல்லிலிருந்தும் வண்டிகள் என்னிடம் வரும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள். வண்டிக்கு எல்லை கிடையாது, மானியத்துக்கு உண்டு. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-இல் தொடங்கியது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் வகுப்பினருக்கு விலையில் பாதி, மற்றவர்களுக்கு நாற்பது சதம், இரண்டுக்கும் உச்சவரம்பு. இங்கே வேளாண் பொறியியல் துறையில் கொடுக்க வேண்டியது பட்டா, சிட்டா, அடங்கல். அங்கே பஹணி. பஹணியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கும், சிட்டாவை எடுத்துக்கொண்டு கோலாருக்கும் போனால் நடக்காது. நிலம் தாத்தா பெயரில், ஆதார் பேரன் பெயரில் என்று இருப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் டிராக்டர் கடையல்ல, தாசில்தார் அலுவலகம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைந்தது. அந்த மாதம் முழுக்க என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் பழுதைப் பற்றிப் பேசவில்லை.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்க என்னைக் கூட்டிப்போகிறவர்கள் மீட்டரைக் காட்டுவார்கள். டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கில்லை, மணிக்கணக்குதான். கேபிள் வைத்த பழைய மீட்டர்கள் எஞ்சின் சுற்றை எண்ணுகின்றன. மெதுவாக ஓடிய வண்டி கடிகார நேரத்தைவிடக் குறைவாகக் காட்டும். கேபிள் அறுந்த வண்டி எதுவுமே காட்டாது. ஆகவே நான் மீட்டரைப் பார்ப்பதில்லை. கிளட்ச் பெடலின் ரப்பர், கீழ்க்கை நுனியில் உள்ள உருண்டையின் ஆட்டம், பிடிஓ பல்லின் தேய்மானம், இவை பொய் சொல்லா. கருவியைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுப்பேன். பேசி முடிப்பதற்குள் கருவி தரையைத் தொட்டிருந்தால் ஹைட்ராலிக் வேலை பாக்கியிருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு வகை வாடிக்கையாளர்கள். சூளகிரிப் பக்கமெல்லாம் தொழிற்பேட்டை விரிகிறது. ராகி விளைந்த மேடுகளில் ஆலைக் கூரைகள் எழுந்துவிட்டன. அந்த வளாகங்களுக்குள் புல்தரை வெட்டவும், குப்பை டிரெய்லர் இழுக்கவும், தண்ணீர்த் தொட்டியைச் செடிக்குச் செடி கொண்டுபோகவும் சின்ன டிராக்டர்தான் வாங்குகிறார்கள். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் நிலத்தை விற்ற வீட்டுப் பிள்ளைகள். வண்டி அவர்களுக்குப் புதிதல்ல, கான்கிரீட் தரைதான் புதிது. இந்த வண்டிகளுக்குச் சுமை கிடையாது, சேறு கிடையாது, கல் கிடையாது. ஆனாலும் வருஷம் முடிவதற்குள் முன் டயர் வழுவழுவென்று ஆகி என் பட்டறைக்கு வருகின்றன. நான்கு சக்கர லீவரை யாரோ ஒருநாள் போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள், நாள் முழுக்க கான்கிரீட்டில் ஓடியிருக்கும். வளாகப் பராமரிப்பு மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். ஓட்டுநர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைக்கட்டுமா என்றார். வேண்டாம் சார், லீவரின் தலையைக் கழற்றி உங்கள் மேஜை டிராயரில் வைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் கொடுத்தால் போதும் என்றேன்.